எப்லஸ்கீவர் வெளியே கருகுது, உள்ளே மா பச்சையாக இருக்கு. எங்கே பிழை?

கேள்வி

வணக்கம். நாங்கள் டென்மார்க்கில், யூட்லாந்துப் பக்கம் இருக்கிறோம். வாற வெள்ளிக்கிழமை மகளின் வகுப்பில் நத்தார் ஒன்றுகூடல். போன வருடம் கடையில் வாங்கிய உறைந்த எப்லஸ்கீவரை (குழிச்சட்டியில் சுடும் டெனிஷ் உருண்டைப் பலகாரம்) சூடாக்கிக் கொண்டுபோனேன். இந்த முறை உள்ளே ஆப்பிள் வைத்து வீட்டிலேயே செய்து தருவதாக அவளிடம் சொல்லிவிட்டேன். இரண்டு தரம் செய்தும் சரிவரவில்லை.

250 கிராம் கோதுமை மா, 3 முட்டை, 4 டெசிலீட்டர் கெர்னமெல்க் (இங்கத்தைய மோர்), அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு மேசைக்கரண்டி சீனி, ஏலக்காய்த் தூள், கொஞ்சம் உப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடித்தேன். சட்டி புதிது, ஏழு குழி உள்ள வார்ப்பிரும்பு. இண்டக்‌ஷன் அடுப்பில் 7ஆம் எண்ணில் வைத்தேன், எங்கள் அடுப்பில் 9 வரை இருக்கிறது. குழி நிறைய ஊற்றி, மேலே ஒரு கரண்டி ஆப்பிள் ஜாம் வைத்து, அடி சிவந்ததும் பணியாரம் மாதிரி ஒரேயடியாகப் பிரட்டினேன்.

நடுக்குழியில் இருந்தது கரி. சுற்றியிருந்த ஆறும் வெளிறிப்போய், வெட்டிப் பார்த்தால் நடுவில் பச்சை மா. ஜாம் வழிந்து சட்டியில் ஒட்டிவிட்டது. உருண்டையாகவும் வரவில்லை, ஒரு பக்கம் தட்டை. யாராவது உதவுங்கள்.

பதில் 1

தங்கச்சி, உங்கள் அளவில் பிழை இல்லை. நான் இங்கே வந்த காலத்தில் பக்கத்து வீட்டு டெனிஷ் அம்மா ஒருவர் தன் குசினியில் நிற்கவைத்துப் பழக்கினார். அவர் முதலில் சொன்னது: "அவசரப்பட்டால் உருண்டை வராது."

பணியாரத்தை ஒரு தரம் பிரட்டினால் போதும். எப்லஸ்கீவர் அப்படி இல்லை, அதைக் கால் பங்கு கால் பங்காகத் திருப்ப வேண்டும். குழியில் முக்கால் அளவுக்கு ஊற்றுங்கள். ஒன்றரை நிமிடம் போல ஓரம் இறுகியதும், மெல்லிய கம்பியால் விளிம்பைத் தூக்கி, கிண்ணத்தைச் சரிப்பது போலக் கால் வட்டம் திருப்புங்கள். உள்ளே இறுகாமல் இருக்கிற மா வழிந்து குழியின் அடிக்குப் போகும், அதுவும் ஓடாக இறுகும். பிறகு இன்னொரு கால் வட்டம். இப்படி மூன்று நான்கு தரம் திருப்பினால் ஓடு தானாக மூடி உருண்டை ஆகிவிடும். இங்கே பலர் இதற்குப் பின்னல் ஊசியைத்தான் வைத்திருக்கிறார்கள். முள்ளுக்கரண்டியால் குத்தினால் காற்றுப் போய் அமுங்கிவிடும்.

அடுப்பு 7 மிகவும் அதிகம். 4இல் வைத்துப் பத்து நிமிடம் வெறும் சட்டியைச் சூடாக்குங்கள். வார்ப்பிரும்பு மெதுவாகத்தான் சூட்டைப் பரப்பும். அவசரமாகச் சூடேற்றினால் நடுக்குழி மட்டும் கொதிக்கும், ஓரம் குளிர்ந்தே இருக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

அப்புறம், முட்டையைப் பிரித்து அடியுங்கள். மஞ்சள் கருவை மாவோடு கலந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். வெள்ளைக் கருவை நுரை நிற்கும்வரை அடித்து, சுடப்போகும் நேரத்தில் மெதுவாக மடித்துச் சேருங்கள். கெர்னமெல்க்கின் புளிப்பும் சோடாவும் ஒரு பங்கு பொங்கவைக்கும், மீதிப் பங்கு அந்த நுரை. அதில்லாமல் உள்ளே கனமாகத்தான் இருக்கும்.

பதில் 2

அக்கா சொன்னதோடு ஜாம் பற்றிச் சொல்கிறேன். ஜாமில் தண்ணீரும் சீனியும் அதிகம். சூடேறியதும் இளகி, ஓட்டில் சின்ன வெடிப்பு இருந்தாலும் வெளியே வந்து கருகும். எப்ல என்றால் ஆப்பிள், ஸ்கீவ என்றால் வில்லை. பெயரே ஆப்பிள் வில்லைதான். இன்று கடையில் விற்பவற்றில் பெரும்பாலும் ஆப்பிளே இல்லை, ஜாமும் ஃப்ளோர்மெலிஸும் (பொடித்த சீனி) தொட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். அதனால் நீங்கள் உள்ளே ஆப்பிள் வைக்க நினைத்தது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

பொஸ்கோப் போலப் புளிப்பான ஆப்பிளைச் சுண்டுவிரல் நுனி அளவில் வெட்டி, கொஞ்சம் வெண்ணெய், சீனி, கறுவாத் தூளோடு ஈரம் வற்றும்வரை வதக்கி ஆறவிடுங்கள். மாவைக் குழியில் பாதி ஊற்றி, ஒரு துண்டை நடுவில் வைத்து, மேலே இன்னும் கொஞ்சம் ஊற்றி மூடுங்கள். துண்டு குழிச் சுவரைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வெண்ணெய் போட்டால் சட்டி புகைகிறது. எண்ணெய் மட்டும் போதுமா? தம்பி சென்னையில் இருந்து கொண்டுவந்த அலுமினியப் பணியாரச் சட்டியும் ஒன்று இருக்கிறது, அதில் செய்யலாமா?

பதில் 3

நான் காரைக்குடிப் பக்கம், இப்போது ஆர்ஹூஸில் இருக்கிறேன். பணியாரச் சட்டியில் முயன்று பார்த்திருக்கிறேன். முதலில், வெறும் அலுமினியம் இண்டக்‌ஷனில் சூடாகாது. கேஸ் அடுப்பு இருந்தாலும் நம் ஊர்க் குழி சின்னது, ஆழமும் குறைவு. கால் வட்டமாகத் திருப்பினால் மா வெளியே வழிகிறது, ஆப்பிள் வைக்க இடமும் இல்லை. வார்ப்பிரும்பையே பழக்குங்கள்.

வெண்ணெய் புகைவது அதிலுள்ள பால் கசடு கருகுவதால். நெய் ஊற்றுங்கள், ஒவ்வொரு ஈட்டுக்கும் குழிக்கு அரைத் தேக்கரண்டி. புதுச் சட்டியை வெந்நீரில் கழுவித் துடைத்து, எண்ணெயை மெல்லியதாகத் தடவி, புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். நான்கு தரம் இப்படிச் செய்தால் ஒட்டாது. எங்கள் ஆச்சி புது இருப்புச்சட்டியை இப்படித்தான் பழக்குவார்.

கேள்வி கேட்டவர்

இன்று செய்தேன். 4ஆம் எண்ணில் வைத்து, நெய் ஊற்றி, கால் வட்டமாகத் திருப்பினேன். முதல் ஈட்டில் நான்குதான் உருண்டை, மூன்றாவது ஈட்டில் ஏழும் உருண்டை! குச்சியால் குத்திப் பார்த்தேன், மா ஒட்டவில்லை. மகள் ஐந்து சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை 40 வேண்டும். முதல்நாளே செய்து வைக்கலாமா?

பதில் 1

செய்யலாம் தங்கச்சி. நன்றாக ஆறவிட்டு, மூடிய பெட்டியில் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். அன்று காலை ஓவனில் 180 பாகையில் எட்டு நிமிடம் சூடாக்கினால் ஓடு மறுபடி மொறுமொறுப்பாகும். மைக்ரோவேவ் வேண்டாம், ரப்பர் போல ஆகிவிடும். ஃப்ளோர்மெலிஸைப் பரிமாறும்போது மட்டும் தூவுங்கள். முன்னதாகத் தூவினால் கரைந்துபோகும்.