பொருள்: வாங்கிய விளையாட்டை இன்னொரு கடையிலும் பெறுவது – ஒரு சொல் வேண்டும்

அனுப்பியவர்: திருப்பாதிரிப்புலியூர்

அனைவருக்கும் வணக்கம்.

விளையாட்டு நூலகச் செயலியின் தமிழாக்கத்தில் எல்லாச் சரங்களும் (திரையில் வரும் சொற்களும் தொடர்களும்) முடிந்துவிட்டன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றோடு மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன்.

ஒருவர் ஸ்டீம் என்ற இணையக் கடையில் பணம் கொடுத்து ஒரு கணினி விளையாட்டை வாங்கியிருக்கிறார். அதே விளையாட்டு ஜி.ஓ.ஜி. என்ற போலந்துக் கடையிலும் விற்கிறது. மறுபடி பணம் கட்டாமல் அங்கேயும் அதைப் பெற்றுக்கொள்கிறார். 2016 ஜூன் மாதம் ஜி.ஓ.ஜி. இதற்கென்றே 'கனெக்ட்' என்ற வசதியைத் திறந்தது. நம் ஸ்டீம் கணக்கைக் காட்டினால், அதில் உள்ள விளையாட்டுகளில் வெளியீட்டாளர் சம்மதித்தவற்றை மட்டும், அறிவித்த நாட்களுக்குள், தன் கணக்கிலும் இலவசமாக ஏற்றிக் கொடுத்தது. 2023 தொடக்கத்தில் சத்தமில்லாமல் மூடிவிட்டார்கள்.

மூடிய வசதிக்குச் சொல் எதற்கு என்று கேட்பீர்கள். செயலியின் உதவிப் பக்கத்தில் அது இருக்கிறது. நாளை வேறு கடை திறக்கலாம். திரைப்படங்களுக்கு இதைப் போன்ற ஏற்பாடு 'மூவீஸ் எனிவேர்' என்ற பெயரில் 2017 முதல் அமெரிக்காவில் நடக்கிறது. பெயரில்லாமல் எத்தனை காலம் 'மேற்படி வசதி' என்றே எழுதுவது?

என் வரைவில் 'கடைமாற்றம்' என்று போட்டிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. வண்டிப்பாளையம் சாலையில் இருந்த மளிகைக் கடை அடுத்த தெருவுக்குப் போய்விட்டது போல ஒலிக்கிறது. பொத்தானில் ஏவலாக, பட்டியில் (மெனுவில்) பெயராக, வேலை முடிந்ததும் வரும் அறிவிப்பில் இறந்தகாலமாக, மூன்று இடத்திலும் நிற்கும் சொல் வேண்டும். நீளமும் கூடாது, பொத்தான் சிறியது.

அனுப்பியவர்: தேவனாம்பட்டினம்

அண்ணா, 'கைமாற்று' எப்படி? சின்னச் சொல், எல்லோருக்கும் தெரியும்.

கல்லூரியில் படித்தபோது அந்த வசதியை நானே பயன்படுத்தியிருக்கிறேன். முதலில் ஸ்டீமில் நம் விளையாட்டு விவரங்களைப் பொதுப்பார்வைக்குத் திறந்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய கடைக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாது. பிறகு உள்நுழைந்தால் ஒரு பட்டியல் வரும். எனக்கு ஐந்து விளையாட்டு வந்தது. அழுத்தினேன், ஒரு நொடியில் புதிய கடையில் ஐந்தும் நின்றன. உடனே பயம். பழையதைப் பிடுங்கிவிட்டார்களோ என்று ஓடிப்போய் ஸ்டீமைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் ஐந்தும் அப்படியே இருந்தன.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு: ஜி.ஓ.ஜி. விற்பது பூட்டில்லாத விளையாட்டு. நிறுவும் கோப்பை இறக்கி வன்தட்டில் வைத்துக்கொண்டால் பிறகு இணையம் தேவையில்லை. 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் மின்சாரம் வந்தும் இரண்டு நாள் இணையம் வரவில்லை. வேறொரு கடையில் முழு விலைக்கு வாங்கிய விளையாட்டு 'உள்நுழைக' என்று கேட்டுக்கொண்டே நின்றது. வன்தட்டில் இருந்தது திறந்துகொண்டது. தங்கையும் நானும் இரண்டு நாள் அதிலேயே குடியிருந்தோம்.

அனுப்பியவர்: மஞ்சக்குப்பம்

> 'கைமாற்று' எப்படி? சின்னச் சொல், எல்லோருக்கும் தெரியும்.

எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல், தம்பி. கைமாற்று என்றால் வட்டியில்லாமல், எழுத்தில்லாமல் வாங்கும் சிறுகடன். பொத்தானில் அதைப் பார்த்தால் கடன் கேட்கிறார்கள் என்று என் வயதுக்காரர்கள் கணினியை மூடிவிடுவார்கள்.

முப்பத்திரண்டு ஆண்டு பத்திரம் எழுதியவன் என்பதால் ஒன்று கேட்கிறேன். பையனிடம் இருந்தது என்ன, கிரயமா, குத்தகையா? நாங்கள் கிரயப் பத்திரத்தில் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக் கொள்ள' என்று எழுதுவோம். பேரன் வரை போக வேண்டும், விற்க வேண்டும், அடகு வைக்க வேண்டும். அப்போதுதான் அது சொத்து. ஸ்டீமின் ஒப்பந்தத்தை என் பேத்தி வாசித்துப் பொருள் சொன்னாள். விற்கவில்லை, பயன்படுத்த உரிமம் தருகிறோம், அதையும் வேறொருவருக்கு மாற்ற முடியாது என்கிறது. பேரனுக்கு எழுதிவைக்க முடியாத ஒன்றுக்கு 'வாங்கு' என்று பொத்தான் வைத்திருக்கிறார்கள்! எங்கள் பதிவு அலுவலகத்தில் இப்படி ஒரு பத்திரத்தைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே சொத்து, உடைமை என்ற சொற்களின் பக்கம் போகாதீர்கள். இது அனுபோகம் மட்டும்.

'பட்டா மாறுதல்' என்று யோசித்து நானே அடித்துவிட்டேன். பட்டா மாறுதலில் நிலம் நிற்கும், பெயர் மாறும். இதில் பெயர் நிற்கிறது, நிலம் இரண்டாகிறது.

ஒரு செய்தி, தலைப்புக்குச் சற்று வெளியே. 1690-ல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து நம் கடலூர் தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயரே நின்றுவிட்டது. வாங்கியது எது, எதுவரை என்ற குழப்பம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

அனுப்பியவர்: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ஐயாவின் கேள்வி பாரிஸ் நீதிமன்றம் வரை போனது. பிரான்சின் நுகர்வோர் சங்கம் ஒன்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. வாங்கிய விளையாட்டை மறுவிற்பனை செய்ய வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு என்று 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் 2022 அக்டோபரில் அது கவிழ்ந்தது. கலிஃபோர்னியாவில் வேறு வழி பிடித்தார்கள். உரிமம் மட்டும் தருவதாக இருந்தால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று எழுதக்கூடாது என்ற சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. இணையமில்லாமல் பயன்படுத்தும்படி நிரந்தரமாக இறக்கிக்கொள்ளத் தந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. தம்பியின் வன்தட்டுக்குச் சட்டத்திலேயே இடம் கிடைத்திருக்கிறது.

சொல்லுக்கு வருகிறேன். முதலில் 'பெயர்வு' என்று எழுத இருந்தேன். 2011 ஜனவரியில் நாடு முழுவதும் கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி வந்ததே, அதை நினைத்து. 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, வரும் குறியீட்டைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் எண் பெயர்ந்து போகிறது, பழைய சிம் செத்துவிடுகிறது. ஆனால் தம்பி ஓடிப்போய் ஸ்டீமைத் திறந்து பார்த்தார் என்றதும் கையை எடுத்துவிட்டேன். அங்கே எதுவும் பெயரவில்லை. மாற்றம், பெயர்வு, இடம்பெயர்ப்பு, நகர்த்தல் என்று போகும் எல்லாச் சொல்லும் பயனரிடம் பொய் சொல்லும். பழைய இடத்தில் இருப்பது போய்விடும் என்று பயந்து பாதிப்பேர் அழுத்தவே மாட்டார்கள்.

எங்கள் ஊரில் ஆட்சி மாற்றமே இரண்டு தேதியில் நடந்தது. நடைமுறையில் 1954 நவம்பர் 1, சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16. நடுவே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கையில் ஒன்று, ஏட்டில் ஒன்று. அதனாலோ என்னவோ, 'மாற்றம்' என்ற சொல்லைப் பார்த்தால் எது மாறியது என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு.

இன்னொன்றையும் இதோடு குழப்பக்கூடாது. ஜி.ஓ.ஜி.யின் 'கேலக்ஸி' செயலி மற்றக் கடைகளில் நாம் வாங்கியவற்றையும் ஒரே பட்டியலில் காட்டும். அது காட்டுவது மட்டும். திறக்கப் போனால் பழைய கடைதான் திறக்க வேண்டும். அதற்கு 'காட்சிச் சேர்ப்பு' என்று நாம் முன்பே முடிவு செய்துவிட்டோம். இந்தப் புதிய சொல் அதிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

அனுப்பியவர்: பண்ருட்டி

படித்துக்கொண்டே வந்தேன். நீங்கள் எல்லோரும் பத்திரத்திலும் கோர்ட்டிலும் தேடுகிறீர்கள். தோட்டத்தில் இருக்கிறது.

பதியம்.

மல்லிகைக் கிளையை வளைத்து, கணுவில் தோலை லேசாகச் சீவி, மண்ணுக்குள் புதைத்து மேலே ஒரு கல்லை வைப்போம். தாய்ச்செடி தன் இடத்தில் பூத்துக்கொண்டே இருக்கும். புதைத்த இடத்தில் வேர் பிடித்ததும் நடுவே வெட்டிவிட்டால் அது தனிச்செடி. எங்கள் வீட்டு மல்லிகை பக்கத்து வீட்டில் பூப்பது இப்படித்தான், வேலிக்கு அந்தப்பக்கம் கிளையை விட அவர்கள் சம்மதித்ததால்.

அனுப்பியவர்: தேவனாம்பட்டினம்

அம்மா, இது அப்படியே பொருந்துகிறது. வெளியீட்டாளர் சம்மதம், வேலிக்கு அந்தப்பக்கம் என்பதும்கூட. 2023-ல் கனெக்டை மூடியபோது நான் முன்பு பெற்ற ஐந்தும் போகவில்லை. கிளையை வெட்டிவிட்டார்கள், அந்தப்பக்கச் செடி நிற்கிறது.

மூவீஸ் எனிவேர் பதியம் ஆகாது என்று நினைக்கிறேன். அங்கே கணக்குகள் தொடர்ந்து பிணைந்தே இருக்கின்றன. ஒரே கொடி நான்கு வீட்டுக்கும் சேர்த்துப் போட்ட பந்தலில் படர்வது மாதிரி. 'பந்தல்' என்று அதற்குத் தனியாக வைத்துக்கொள்ளலாமா? (பாதி விளையாட்டாகத்தான் கேட்கிறேன்.)

அனுப்பியவர்: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பந்தலை இன்னொரு நாள் பிரிப்போம்.

பதியம் எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டு தயக்கம். மாடிவீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியுமா? என் மகளிடம் கேட்டேன். 'பதிவு மாதிரியா?' என்றாள். அடுத்தது, 'பதிவு செய்க' பொத்தான் அதே திரையில் இருக்கிறது. 'பதியமிடு' என்பதை அவசரத்தில் பதிவு என்று வாசித்துப் புதுக் கணக்குத் தொடங்கிவிடுவார்கள். 'இங்கும் சேர்' என்று எளிமையாக விட்டால் என்ன?

அனுப்பியவர்: திருப்பாதிரிப்புலியூர்

> 'இங்கும் சேர்' என்று எளிமையாக விட்டால் என்ன?

பொத்தானுக்கு நன்றாகவே இருக்கிறது, அக்கா. பெயர்ச்சொல் கேட்டால் தடுமாறுகிறது. 'இங்கும் சேர்த்தல் வரலாறு' என்று பட்டியில் எழுதிப் பார்த்தேன், பார்க்கச் சகிக்கவில்லை. 'பதிய வரலாறு' என்றால் இரண்டு சொல்லில் முடிகிறது. 'சேர்' என்பதைக் கூடையில் சேர்ப்பதற்கும் நண்பரைச் சேர்ப்பதற்கும் முன்பே செலவழித்துவிட்டோம்.

தெரியாத சொல் என்பதைப் பற்றி: 'உலாவி'யும் தெரியாத சொல்லாகத்தான் வந்தது. அதற்காக எதையும் திணிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. 'கடைமாற்றம்' எல்லோருக்கும் புரியும், புரிந்த பொருள் தவறு. 'பதியம்' சிலருக்குப் புரியாது, புரிந்துகொண்டால் சரியாக இருக்கும். நான் இரண்டாவதை எடுப்பேன்.

பதிவோடு குழம்பும் என்பது உண்மையான குறை. அதற்குச் சுட்டியை மேலே வைத்தால் விரியும் குறிப்பை வைத்துக்கொள்கிறேன்: 'பழைய கடையில் உள்ளது அப்படியே இருக்கும், இங்கும் ஒன்று கிடைக்கும்.' தம்பி ஓடிப்போய்ப் பார்த்த பயத்துக்கு இதுவே மருந்து. பதிவுப் பொத்தானைத் திரையின் மறுகோடிக்குத் தள்ளச் சொல்லி நிரலாளருக்கும் எழுதிவிட்டேன்.

அனுப்பியவர்: மஞ்சக்குப்பம்

பதிவும் பதியமும் 'பதி' என்ற ஒரே வேரில் முளைத்தவை. மண்ணில் பதிவது பதியம், ஏட்டில் பதிவது பதிவு. முத்தியால்பேட்டைக்காரரின் மகள் குழம்பியதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சொற்கோவையில் 'உரிமப் பதியம்' என்று முழுப்பெயரும் பொத்தானில் 'பதியமிடு' என்று குறும்பெயரும் இருக்கட்டும். பத்திரத்திலும் முதல் பக்கத்தில் முழு விலாசம், அப்புறம் எல்லாம் 'மேற்படியார்'தானே.

அனுப்பியவர்: தேவனாம்பட்டினம்

அண்ணா, தோல்வி அறிவிப்பை மறந்துவிட்டோம். விவரங்கள் பொதுப்பார்வையில் இல்லாவிட்டால் வருமே, அது. 'வேர் பிடிக்கவில்லை' என்று போடலாமா?

அனுப்பியவர்: திருப்பாதிரிப்புலியூர்

போடலாம், காரணத்தையும் சேர்த்து. இப்போதைக்கு இப்படி:

பொத்தான்: பதியமிடு
பட்டி: உரிமப் பதியங்கள்
முடிந்ததும்: பதியமிடப்பட்டது
தோல்வி: வேர் பிடிக்கவில்லை. உங்கள் ஸ்டீம் விளையாட்டு விவரங்களைப் பொதுப்பார்வைக்குத் திறந்துவிட்டு மறுபடி முயல்க.

'முடிந்ததும்' சரத்தில் மட்டும் எனக்கு இன்னும் உறுத்தல் இருக்கிறது. 'பதியமிடப்பட்டது' பொத்தானைவிட நீளம். கைப்பேசித் திரையில் கடைசி இரண்டு எழுத்து வெட்டுப்படுகிறது.

அனுப்பியவர்: பண்ருட்டி

'வேர் பிடித்தது' என்று போடுங்கள். நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

அனுப்பியவர்: திருப்பாதிரிப்புலியூர்

மாற்றிவிட்டேன். திரைக்குள் அடங்குகிறது. ஞாயிறு மாலை சரங்களைப் பூட்டுகிறேன்.