கல்வட்டத்தில் கிடைத்த எலும்புகளை டேட்டாபேஸில் ஏற்றுவது எப்படி?

கோடப்பமந்து: வணக்கம். நீலகிரிக் கல்வட்டம் (கற்களை வட்டமாக நட்ட பழைய ஈமச்சின்னம்) ஒன்றின் எலும்புத் துண்டுகள் நாலைந்து டப்பா. பெரும்பாலும் எரிந்தவை, விரல்நக அளவு. எக்செல் ஷீட்டில் ‘அளவு 1, அளவு 2’ என்று நெடுவரிசை நீண்டுகொண்டே போகிறது. குழி எண் 3-4 என்று அடித்தால் தேதியாகிவிடுகிறது. எப்படி அமைப்பது?

மண்ணடுக்கு: அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்குங்கள். தேதியான பிறகு மாற்றினால் ஐந்திலக்க எண்தான் மிஞ்சும். லிப்ரே ஆபிஸ் பேஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்குப் போவது இன்னும் நல்லது. குழி-மண்ணடுக்கு, எலும்பு, அளவு என்று மூன்று அட்டவணை போதும். ஒரு எலும்பில் அளவே எடுக்க முடியாது, இன்னொன்றில் ஐந்து எடுக்கலாம். அதனால்தான் அளவு தனி. எலும்பு எண், அளவின் பெயர், மி.மீ., அவ்வளவுதான். பெயருக்கு, விலங்கெலும்புகளை அளக்க ஃபான் டென் டிரீஷ் 1976இல் வகுத்த குறியீடுகளையே போடுங்கள், மற்ற இடங்களோடு ஒப்பிடலாம்.

ஒரு துண்டுக்கு ஒரு வரி. உடைந்த முகம் வெளிறி, மண்ணேறாமல் இருந்தால் அது தோண்டும்போது உடைந்தது. பொருந்தும் துண்டுகளைச் சேர்த்து ஒரே வரியாக்குங்கள். இல்லையென்றால் எண்ணிக்கை ஊதிவிடும். இனம் தெரியாத சில்லுகளுக்கு அடுக்குவாரியாக எண்ணிக்கையும் எடையும் போதும்.

வரையாடு: வெட்டுத்தடம், நாய்க்கடி, எலி கொறித்த தடம் இவற்றைக் காலியாக விடாதீர்கள். ‘உண்டு’, ‘இல்லை’, ‘பார்க்க முடியவில்லை’ மூன்றும் வேண்டும். நம் மலை மண் அமிலம், மழையும் அதிகம். மேற்பரப்பு அரித்துப்போன எலும்புக்கு ‘இல்லை’ போட்டால் பொய்க்கணக்கு. அதே மண்தான் எரியாததைக் கரைத்துவிட்டு, வெந்த எலும்பையும் பல் எனாமலையும் விட்டுவைக்கிறது. பட்டியல் முழுக்க எரிந்தவை என்பதற்காக ‘எல்லாவற்றையும் சுட்டே தின்றார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். எவ்வளவு எரிந்தது என்று காட்டும் நிறத்துக்குத் தனி நெடுவரிசை வையுங்கள்: பழுப்பு, கறுப்பு, சாம்பல், வெள்ளை. வெள்ளையாக வெந்தது சுருங்கியிருக்கும், அதன் அளவை எரியாததோடு சேர்க்கக்கூடாது.

தாழிக்காடு: இன்னொன்று. மாடு, எருமை, காட்டுமாடு மூன்றும் உள்ள மலை இது. சில்லைப் பார்த்து ‘மாடு’ என்று போடுவது துணிச்சல். ‘பெரிய மாட்டினம்’ என்று ஒரு வகை வையுங்கள். கடமான் துண்டுகூட அதில் போய் உட்காரும், எனவே ‘உறுதி / சந்தேகம்’ நெடுவரிசையும் தேவை. ஈமச்சின்னம் என்பதால் மனித எலும்பு கலந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமானால் தனி டப்பா.

கோடப்பமந்து: நன்றி. கழுவலாமா?

தாழிக்காடு: வெந்ததையும் பொடிகிறதையும் கழுவாதீர்கள், மென்மையான பிரஷ் போதும். துடைத்த மண்ணைச் சலிக்காமல் கொட்டிவிடவும் வேண்டாம், எலிப்பல் அதில்தான் இருக்கும்.