லண்டனில் ஹாரி பாட்டர் படமெடுத்த இடங்களை நடந்தே பார்த்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தேன்மொழி
லெடன்ஹால் மார்க்கெட் எல்லோருக்கும் தெரியும், முதல் படத்தின் டயகன் ஆலி என்ற மந்திரக் கடைத்தெரு. ஞாயிறு காலையில் போனேன். கடைகள் மூடியிருந்தாலும் தெரு திறந்தே கிடக்கும் என்பதால் வழி மறிக்க ஆளில்லை. தரையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் கையில் போனைப் பார்த்ததும், நான் கேட்காமலேயே புல்ஸ் ஹெட் பாசேஜ் பக்கம் கைகாட்டினார். லீக்கி கால்ட்ரனின் நீலக் கதவு அங்கேதான். படம் எடுத்துத் திரும்பியபோது மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “தினமும் யாராவது அந்தக் கதவைத் தேடி வருகிறார்கள். நான் படம் பார்த்ததில்லை. உள்ளே என்னதான் இருக்கிறது?” உள்ளே ஒரு மதுக்கடை, அதன் கொல்லைச் சுவரில் சரியான செங்கல்லைத் தட்டினால் மந்திரவாதிகளின் கடைத்தெரு திறக்கும் என்றேன். அவர் தலையை உயர்த்தி அந்தப் பச்சை, மரூன் கூரையை நெடுநேரம் பார்த்தார். “இந்தத் தெருவா?” என்றார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. எத்தனை பேருக்கு வழிகாட்டியிருப்பார், அவருக்கு யாரும் கதை சொல்லவில்லையே!

பரோவாசி
லீக்கி கால்ட்ரன் லெடன்ஹாலில் இல்லை. பரோ மார்க்கெட் பக்கம், ஸ்டோனி ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. மந்திரவாதிகளின் ‘நைட் பஸ்’ ஹாரியை இறக்கிவிடும் இடம். நான் அந்த ரயில் பாலத்துக்குக் கீழே நின்றபோது தலைக்கு மேல் வண்டி போனது, நெஞ்சுக்குள் அதிர்ந்தது. படத்தில் அவன் அறை குலுங்குமே, அதே அதிர்வு. லெடன்ஹாலில் இது கிடைக்காது.

சுபா அக்கா
தம்பி, இரண்டு பேரும் சரிதான். 2001 படத்தில் லெடன்ஹால், 2004இல் வந்த மூன்றாவது படத்தில் பரோ. இயக்குநர் மாறினார், இடமும் மாறியது. இதற்குப் போய்ச் சண்டையா?

என் கதை கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையம், ஹாரி தள்ளுவண்டியோடு சுவருக்குள் ஓடி மந்திரப் பள்ளி ரயிலைப் பிடிக்கும் இடம். சுவருக்குள் பாதி புதைந்த தள்ளுவண்டி இருப்பது டிக்கெட் இல்லாமலே போகக்கூடிய கூடத்தில். படமெடுத்தது 4, 5 பிளாட்பாரங்களுக்கு இடையில். இரண்டாவது படத்தில் வெளியே தெரியும் செங்கல் மாளிகையோ பக்கத்து செயின்ட் பேங்க்ராஸ். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் வரிசையில் நிறுத்தினேன், முட்டிவலியோடு. அம்மா ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. முறை வந்ததும், கழுத்துத் துண்டைப் பறக்கவிடப் பிடித்திருந்த பெண் “ஓடுவதுபோல் நில்லுங்கள்” என்றாள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, புடவையை ஒரு கையால் தூக்கி, நிஜமாகவே தள்ளினார். “எங்கே போறதா நினைச்சீங்கம்மா?” என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

நடைராஜன்
எல்லாரும் தனித்தனி இடமாகச் சொல்கிறீர்கள். ஒரே நடையாக வைத்துக்கொண்டால் நல்லது. லெடன்ஹாலில் தொடங்கி லண்டன் பாலம் கடந்து பரோ. அங்கேயே சாப்பாட்டை முடியுங்கள். அப்புறம் ஆற்றங்கரையோடு மில்லேனியம் பாலம். எதிரே செயின்ட் பால்ஸ். ஆரூடப் பாடத்துக்கு ஏறும் அந்தச் சுழல் படிக்கட்டு உள்ளேதான் இருக்கிறது, ஆனால் கட்டணம் உண்டு. ஃப்ளீட் ஸ்ட்ரீட் வழியாக ஆஸ்திரேலியா ஹவுஸ். கிரிங்காட்ஸ் வங்கி அதுதான், தூதரகம் என்பதால் உள்ளே விடமாட்டார்கள், வாசலோடு சரி. டிரஃபால்கர் சதுக்கம் தாண்டி கிரேட் ஸ்காட்லாண்ட் யார்ட். மந்திர அமைச்சகத்துக்கு இறங்கும் தொலைபேசிக் கூண்டைத் தேடாதீர்கள், படத்துக்காக வைத்து எடுத்துவிட்டார்கள், மூலைதான் மிச்சம். கடைசியில் வெஸ்ட்மின்ஸ்டர் டியூப் (சுரங்க ரயில்) நிலையம், ஹாரியின் நண்பன் ரானின் அப்பா வீஸ்லி டிக்கெட் கதவில் தடுமாறும் இடம். எல்லாம் சேர்த்து 6, 7 கிலோமீட்டர் வரும். தண்ணீர், குடை, தேய்ந்து பழகிய செருப்பு. புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம். பவர் பேங்க் மறக்காதீர்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவம்? வெஸ்ட்மின்ஸ்டர் கதவில் டிக்கெட் மாட்டி நின்றபோது பின்னால் இருந்த சிறுவன் “வீஸ்லி மாமா மாதிரியே!” என்று கத்தினான். அவ்வளவுதான்.

கபிலன் அப்பா
நடைராஜன் அண்ணா, ஒரே நாளில் இவ்வளவையும் முடித்தால் எந்த இடத்திலும் நிற்க முடியாது. மில்லேனியம் பாலத்தில் நாங்கள் அரை மணிக்கு மேல் நின்றோம். ஆறாவது படத்தில் அது முறுக்கிக்கொண்டு ஆற்றில் விழுவதைப் பார்த்திருந்த என் மகன் காலெடுத்து வைக்க மறுத்துவிட்டான். தூக்கிக்கொண்டு போகிறேன் என்றாலும் அழுகை. அந்தப் பக்கம் வந்த ஒரு வயதானவர் அவன் உயரத்துக்குக் குனிந்து, “இது நிஜமாகவே ஆடியது. திறந்த அன்று நான் இதன்மேல் நடந்தேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்” என்றார். உண்மைதான். 2000 ஜூனில் திறந்து இரண்டே நாளில் மூடினார்கள். நடப்பவர்களின் காலடி ஒன்றுசேர்ந்து பாலத்தைப் பக்கவாட்டில் ஆட்டியது. அதிர்வைத் தணிக்கும் கருவிகள் பொருத்தி 2002இல்தான் மறுபடி திறந்தார்கள். பயமில்லை என்று நான் சொன்னதெல்லாம் வேலைக்கு ஆகவில்லை. ஆடியது, சரிசெய்தார்கள் என்று அவர் சொன்னதும் பையன் நடந்தான். நடுவில் போய்க் குதித்தும் பார்த்தான். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

பரோவாசி
நடைராஜன் சொல்லும் வழியில் திங்கட்கிழமை போய்விடாதீர்கள், பரோ சந்தை அன்று விடுமுறை. சனிக்கிழமை நகர முடியாத கூட்டம். வெள்ளிக்கிழமை காலை வாருங்கள், அந்த ரயில் பாலத்தின் கீழ் இன்னொரு வண்டி போகும்வரை நின்று பாருங்கள்.