மெர்சி ரூல்னா கருணை விதியா? எனக்கு ஒத்துக்கல

மாட்டுங்காவிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாள் கழிச்சு எழுதறேன், ஒரு சொல்லு தொண்டைல மாட்டின முள்ளு மாதிரி நிக்குது, அதான்.

ஞாயித்துக்கெழமை காலைல நாங்க நாலஞ்சு பேர் மும்பை சயான் பக்கத்துல ஒரு மைதானத்துல பசங்களுக்கு பேஸ்பால் சொல்லிக் கொடுக்கறோம்னு முன்னமே சொல்லியிருக்கேன். பாதிப் பேர் தாராவி, கோலிவாடா பசங்க, வீட்ல திருநெல்வேலித் தமிழ். பசங்களுக்கு ஹிந்தி, மராத்தி எல்லாம் தண்ணி பட்ட பாடு, ஆனா கூட வர்ற அம்மா அப்பாவுக்கு இந்த ஆட்டமே புடிபடல, "மட்டையைக் கீழ போட்டுட்டு ஓடறானே, அவுட் இல்லையா"ன்னு கேக்கறாங்க. அதனால நாலு பக்கத்துல விதியெல்லாம் தமிழ்ல அச்சடிச்சுக் குடுத்துடலாம்னு உக்காந்தேன். பிட்சர், கேட்சர், பேஸ், ஸ்டிரைக் இதெல்லாம் நான் தொடப் போறதில்ல, யாரும் எறிநர் எறிபவர்னு சண்டைக்கு வராதீங்க ப்ளீஸ். ஒரே ஒரு சொல்லுதான் பிரச்சனை, மெர்சி ரூல்.

தெரியாதவங்களுக்கு: 1939-ல அமெரிக்கால பென்சில்வேனியா மாநிலத்துல வில்லியம்ஸ்போர்ட்ங்கற ஊர்ல சின்னப் பசங்களுக்காக ஆரம்பிச்சது லிட்டில் லீக். பெரியவங்க ஒம்பது இன்னிங்ஸ் ஆடுவாங்க, இவங்களுக்கு ஆறு (ரெண்டு டீமும் ஒரு தடவை பேட் பண்ணி முடிச்சா ஒரு இன்னிங்ஸ்). ஓடித் தொட வேண்டிய பேஸுக்குப் பேஸ் அங்க 90 அடி, இங்க 60 அடி. அதுல ஒரு விதி, நாலு இன்னிங்ஸ் முடிஞ்சப்ப ஒரு டீம் 10 ரன்னோ அதுக்கு மேலயோ முன்னாடி இருந்தா ஆட்டம் அத்தோட முடிஞ்சுது. மூணு இன்னிங்ஸ்லயே 15 ஆயிடுச்சுன்னா அப்பவே முடிஞ்சுது. பேச்சுவழக்குல எல்லாரும் இதைத்தான் மெர்சி ரூல்ங்கறாங்க.

போன மாசம் எங்க பசங்களே ரெண்டு டீமா பிரிஞ்சு ஆடினாங்க. ரெண்டாவது இன்னிங்ஸ்லயே 17-1. ரைட் ஃபீல்டுல நின்ன ஒம்பது வயசுப் பையன் குத்துக்கால் போட்டு உக்காந்து க்ளவ்ல மண்ணை அள்ளி அள்ளி கோபுரம் கட்டிட்டிருக்கான், பந்து அவன் தலைக்கு மேல போயி பக்கத்து கிரிக்கெட் மேட்ச்ல விழுது, அவங்க திட்டிக்கிட்டே தூக்கிப் போடறாங்க, இவன் திரும்பிக்கூட பாக்கல. ஜெயிக்கற டீமை நடத்தினவர் (நம்ம ஆளுதான், நல்ல மனுஷன்தான்) இன்னும் "ஓடு ஓடு அடுத்த பேஸ்"னு கத்தறாரு. அப்பதான் இந்த விதியை மொதல் பக்கத்துலயே போடணும்னு தோணுச்சு.

சரி, தமிழ்ல என்னன்னு போடறது? கருணை விதின்னு எழுதிட்டு ஒரு நாள் முழுக்க அதையே பாத்துட்டிருந்தேன். தமிழ்ல கருணைங்கற சொல்லு பக்கத்துல என்னென்ன வருது பாருங்க, கருணை மனு, கருணைக் கொலை, கருணை அடிப்படையில் வேலை, கருணை மதிப்பெண். தூக்குக் கயிறு, ஐசியூ, செத்துப்போன அப்பாவோட கவர்ன்மென்ட் வேலை, முப்பத்திரண்டு மார்க். இதுல எங்கயாவது ஒம்பது வயசுப் பையனைக் கொண்டு போயி நிறுத்த முடியுமா? குடுக்கறவன் மேல நிக்கறான், வாங்கறவன் கீழ கையேந்தறான். இரக்க விதி இன்னும் மோசம். வேற யாராவது சொல்லுங்க.

முலுண்டிலிருந்து:

கருணையைத் தள்ளினது சரி. அதோட மெர்சிங்கறது செல்லப் பேருதானே, அதை மொழிபெயர்க்கணும்னு நமக்கு என்ன கட்டாயம். என்ன நடக்குதுன்னு பாத்துப் பேர் வைக்கணும். நடக்கறது என்னன்னா, எட்டிப் பிடிக்க முடியாத கணக்கு. எட்டாக்கனி நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு, அதே அச்சுல எட்டாக்கணக்கு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும், இலக்கணம் கச்சிதம். எட்டாக்கணக்கு விதி. காதுக்கும் நல்லா இருக்கு.

டோம்பிவிலியிலிருந்து:

சார், சொல்லு அருமை, ஆனா ரெண்டு சிக்கல். ஒண்ணு சின்னது, எங்க ஆபீஸ் கேன்டீன்ல ரெண்டு பேர்கிட்ட சொல்லிப் பாத்தேன், ரெண்டு பேரும் "எட்டு ரன்னா? பத்துன்னு சொன்னே"ன்னு கேட்டாங்க.

பெரிய சிக்கல் என்னன்னா, பேஸ்பால்ல எட்டாதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஃபுட்பால்ல 90 நிமிஷம், கபடில ரெண்டு இருபது, மணி அடிச்சா முடிஞ்சது. இங்க கடிகாரமே இல்ல, கடைசி அவுட் விழற வரைக்கும் ஆட்டம் உசுரோட இருக்கும். 2001 ஆகஸ்ட் 5-ஆம் தேதி அமெரிக்காவோட மேஜர் லீக்ல க்ளீவ்லேண்ட் டீம் சியாட்டில்கிட்ட 14-2-ன்னு கிடந்துச்சு, 12 ரன் பின்னாடி, அங்கேருந்து வந்து 11-வது இன்னிங்ஸ்ல 15-14-ன்னு ஜெயிச்சாங்க. அதுவும் அந்த வருஷம் சியாட்டில் 116 மேட்ச் ஜெயிச்ச டீம். சோ எட்டாதுன்னு நாம பேப்பர்ல அச்சடிச்சா அது பொய். எட்டும், ஆனா சின்னப் பசங்களை அதுக்காக வெயில்ல நிறுத்தி வைக்க வேணாம்னு பெரியவங்க எடுத்த முடிவு இது, அவ்ளோதான். கடிகாரம் இல்லாததாலதான் இப்படி ஒரு விதியே தேவைப்படுது. பெரியவங்க ஆடற வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக்லயே குரூப் ஆட்டங்கள்ல இது உண்டு, 5 இன்னிங்ஸ்ல 15, இல்லன்னா 7-ல 10.

இன்னொண்ணு, கை. 2007-லேருந்து லிட்டில் லீக்ல பிட்சர் எத்தனை பந்து போடலாம்னு எண்ணறாங்க. 9-10 வயசுக்கு ஒரு நாளைக்கு 75, 11-12-க்கு 85. 66-க்கு மேல போட்டான்னா நாலு நாள் ரெஸ்ட். அடி வாங்கற டீம் ஒரே மேட்ச்ல எல்லா பிட்சரையும் காலி பண்ணிடும், அடுத்த மேட்ச்லயும் அடிதான். இதுல கருணையும் இல்ல கத்திரிக்காயும் இல்ல, தோள்பட்டைதான்.

என் ஓட்டு: போதும் விதி. நம்ம பில்டிங் பசங்களே கீழ ஆடறப்ப ஒருத்தன் ஓவரா அடிச்சா "பஸ் கர் யார்"னு கத்துவானுங்க. அந்த பஸ்தான் போதும்.

முலுண்டிலிருந்து:

சியாட்டில் கதைக்கு நான் மடங்கிட்டேன் தம்பி. ஆனா போதும்கறது வினைமுற்று. வினைமுற்றுக்குப் பின்னாடி பேர்ச்சொல்லை ஒட்ட வெச்சா தொகை ஆகாது.

செம்பூரிலிருந்து:

சார் தப்பா நெனைக்காதீங்க, ஆகும். செய்யும்னு வர்றது பெயரெச்சமாவும் நிக்கும்ல, ஓடும் ரயில், வரும் வாரம், அந்த மாதிரி. இதெல்லாம் புஸ்தகத்துல பாத்து நான் சொல்லல, எங்க குடும்பத்துலயே ஆள் இருக்கு. எங்க அப்பாவோட அத்தை, அஞ்சாவது பொண்ணு, பேரே போதும்பொண்ணு. ரேஷன் கார்டுல, ஓட்டர் லிஸ்ட்ல எல்லாம் அதே பேருதான்.

இலக்கணத்துல பாஸ் ஆயிடுச்சு, ஆனா அதனாலதான் எனக்கு இந்தச் சொல்லு வேண்டாம். அந்தப் பாட்டியை ஊர்ல யாராவது கூப்பிடறப்பல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ பண்ணும். அவங்க பொறந்ததைப் பாத்து மத்தவங்க சொன்ன போதும் அது, அவங்க சொன்னதில்ல. இப்ப மைதானத்துல ஜெயிக்கற டீமோ அம்பயரோ "போதும்"னு சொன்னா தோக்கற பசங்க காதுல எப்படி விழும்? கருணையை விட பெருசா ஒண்ணும் மாறிடல, அதே ஆளு மேலேருந்து வேற சொல்லு சொல்றான், அவ்ளோதான். யாரு வாயிலேருந்து வருதுங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

இன்னொண்ணு ஞாபகம் வருது. 2022 ஆகஸ்ட்ல டெக்சாஸ்ல வேகோங்கற ஊர்ல லிட்டில் லீக் ரீஜினல் ஃபைனல், பிட்சர் போட்ட பந்து பேட் பிடிச்ச பையன் தலைல போயி அடிச்சுது, ஹெல்மெட் தெறிச்சுப் போச்சு. அவன் எந்திரிச்சு ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போயிட்டான். பாத்தா பந்து போட்டவன் நடு மைதானத்துல நின்னு அழுவறான். அடி வாங்கினவன் ஹெல்மெட்டைக் கழட்டி வெச்சுட்டு நடந்து போயி அவனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். அந்த வீடியோவை என் பையன் பத்து தடவை பாத்திருப்பான். அங்க யாரு யாருக்குக் குடுத்தது? அடிபட்டவன் குடுத்தான். எனக்கு அது மனசுலயே நின்னுடுச்சு.

மாட்டுங்காவிலிருந்து:

அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு விதிப் புத்தகத்தையே எடுத்து ஒழுங்கா படிச்சேன், வெக்கமா இருக்கு, மொதல்லயே படிச்சிருக்கணும். அதுல அந்த விதிக்குப் பேரு 10 ரன் ரூல், மெர்சியே இல்ல. அதை விட முக்கியம், வாக்கியம் எப்படி இருக்குன்னா, குறைச்ச ரன் எடுத்த டீமோட மேனேஜர் வெற்றியை எதிரணிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அதாவது அம்பயர் நிறுத்தறதில்ல, ஜெயிக்கறவன் பாவம்னு விடறதும் இல்ல. தோக்கறவங்கதான் அங்க செய்யறவங்க.

அப்புறம் தேடறதுக்கு என்ன இருக்கு, விட்டுக்கொடுப்பு விதி. விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போனதில்லன்னு ஆட்டோ பின்னாடியே எழுதியிருக்கும், நம்ம வீட்ல அண்ணன் தம்பி சண்டைல அம்மா சொல்ற சொல்லு. பேரு தோக்கற பக்கம் சாயுது, அப்பவும் குனியல.

முலுண்டிலிருந்து:

> விட்டுக்கொடுப்பு விதி

நல்லாத்தான் இருக்கு, ஆனா விட மாட்டேன். "வேண்டும்"னு கட்டாயப்படுத்திட்டு விட்டுக்கொடுப்புங்கறது நியாயமா? ரெண்டாவது, மேட்சை விட்டுக்கொடுத்தான்னா இப்பல்லாம் பணம் வாங்கிட்டு தோத்தான்னு அர்த்தம்.

டோம்பிவிலியிலிருந்து:

ரெண்டாவது பாயிண்டுக்கு: அது "மேட்சை விட்டுட்டான்", இல்லன்னா ஃபிக்சிங். பேப்பர்ல விட்டுக்கொடுப்புன்னு யாரும் போட மாட்டாங்க சார். மொதல் பாயிண்ட் எனக்கும் உறுத்துது. ஆனா ஒண்ணு, கட்டாயம் இல்லாம விட்டா எந்த அப்பாவும் விட மாட்டாரு, இங்க பக்கத்துல கல்யாண்லயே 2016 ஜனவரில ஸ்கூல் கிரிக்கெட்ல ஒரு டீம் 3 விக்கெட்டுக்கு 1465 அடிச்சுட்டுதான் டிக்ளேர் பண்ணுச்சு, ஒரே பையன் 1009 நாட் அவுட், எதிர் டீம் 31-க்கும் 52-க்கும் ஆல் அவுட். ரெக்கார்டுதான், அந்தப் பையன் திறமைல சந்தேகமே இல்ல, தேசமே கொண்டாடுச்சு, நானும் கொண்டாடினேன். அந்த ரெண்டு நாள் ஃபீல்டிங் பண்ண பசங்க பேரு யாருக்காவது ஞாபகம் இருக்கா? அவங்க பக்கத்துலேருந்து ஆட்டத்தை நிறுத்த கிரிக்கெட்ல ஒரு வழியும் இல்ல. டிக்ளேர் பண்றது எப்பவும் அடிக்கறவன் கைல. இங்க அது அடி வாங்கறவன் கைல இருக்கு, கட்டாயம்னாலும் அவன் கைல. எனக்கு அது போதும் (அந்தப் போதும் இல்ல அக்கா).

மாட்டுங்காவிலிருந்து:

சரி, சார் இன்னும் அரை மனசுலதான் இருக்காருன்னு தெரியுது, ஆனா சயான் சர்க்கிள்ல பிரிண்டர் வியாழக்கெழமை கேட்டிருக்காரு, அதனால இப்படிப் போடறேன்.

ஒரு விஷயம் மட்டும் சேத்திருக்கேன். அன்னைக்கு 17-1-ல நாங்க மூணாவதோட நிறுத்தினப்ப ஒரு அப்பா வந்து "எம் பையன் இன்னும் மட்டையே தொடலியே சார், பஸ் ஏறி வந்தோம்"னாரு. எனக்குப் பதில் இல்ல. லிட்டில் லீக்ல ஒவ்வொரு பையனும் பொண்ணும் ஆறு அவுட் விழற வரைக்கும் ஃபீல்டுல நிக்கணும், ஒரு தடவையாவது பேட் பிடிக்கணும்னு இருக்கு, ஆனா ஆட்டம் சீக்கிரம் முடிஞ்சா அது அடிபட்டுப் போயிடும். இங்க பசங்க சொல்ற கச்சா லிம்பு, நம்ம ஊர் ஒப்புக்குச் சப்பாணி, அந்த மாதிரி ஒருத்தனைச் சும்மா நிக்க வெச்சு வீட்டுக்கு அனுப்பறது எனக்குப் பிடிக்கல (சப்பாணிங்கற சொல்லும் எனக்குப் பிடிக்கல, பேப்பர்ல போடல). அதனால நம்ம மைதானத்துல ரன் கணக்கு நிக்கும், ஆட்டம் நிக்காது.

அச்சுக்குப் போற வரி:

"விட்டுக்கொடுப்பு விதி: நாலு இன்னிங்ஸ் முடிவில் 10 ரன், அல்லது மூன்று இன்னிங்ஸ் முடிவில் 15 ரன் வித்தியாசம் இருந்தால், பின்தங்கிய அணியின் கேப்டன் பிட்சர் நிற்கும் இடத்துக்கு வந்து எதிரணி கேப்டனுக்குக் கை கொடுத்து வெற்றியை விட்டுக்கொடுப்பார். அத்துடன் ரன் எண்ணுவது நிற்கும். பேட் பிடிக்காத எல்லோரும் ஒரு முறை பிடித்த பிறகே வீட்டுக்குப் போகலாம்."

மேனேஜருக்குப் பதிலா கேப்டன்னு போட்டது என் வேலை, ஒத்துக்கறேன். ஒரு இன்னிங்ஸ்ல 5 ரன்னுக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு சின்னப் பிரிவுல இருக்கறது வேற விதி, அதுக்கு ஓட்ட வரம்புன்னு போட்டிருக்கேன், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

சார், "விட்டுக்கொடுப்பு விதி"ல ஒற்று எங்கயாவது விட்டுப்போச்சான்னு மட்டும் புதன்கெழமை ராத்திரிக்குள்ள பாத்துச் சொல்லிடுங்க.