முதல் ஸ்டார்ட்டில் மட்டும் உதறல், பி0302: வால்வில் கரிதானா?

கேள்வி:
நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார், டர்போ உண்டு. ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்குகிறது. இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் உதறுகிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது. ஸ்கேனரில் பிழைக் கோடு பி0300 (சிலிண்டர்களில் எரிதல் தவறுகிறது), கூடவே பி0302 (இரண்டாவது சிலிண்டரில் தவறுகிறது). ஸ்பார்க் பிளக் நான்கும் புதிது. மெக்கானிக் வால்வில் கரி, ஹெட்டை (இன்ஜினின் மேல்பாகம்) இறக்க வேண்டும் என்கிறார். அதற்கு முன் டேங்கில் ஊற்றும் கிளீனர் போட்டுப் பார்க்கலாமா?

மறுமொழி 1:
கிளீனர் இதற்கு உதவாது. போர்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் பட்டு உள்ளே போகும், அதனால் கிளீனரும் அங்கே போய்ச் சேரும். உங்கள் இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. வால்வின் முதுகில் படுவது காற்றும் பிசிவி (இன்ஜினின் அடிப்பகுதி ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் வால்வு) வழியாக வரும் ஆயில் ஆவியும்தான். அந்த ஆயில்தான் சூட்டில் கருகிக் கெட்டியாகிறது. கிளீனர் இன்ஜெக்டர் நுனிக்கு வேண்டுமானால் நல்லது.

ஆனால் கரி என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். இரண்டாவது சிலிண்டரின் காயிலை (பிளக்குக்கு மின்பொறி தருவது) மூன்றாவதில் மாட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். மிக அதிகமாகக் காட்டும் சிலிண்டரின் அளவில் முக்கால் பங்குக்கும் கீழே ஒரு சிலிண்டர் இருந்தால், அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

கேட்டவர்:
காயில் மாற்றியும் பி0302 தான். கம்ப்ரஷன் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பிளக் துளை வழியாக போரஸ்கோப் (மெல்லிய குழாய் கேமரா) விட்டதில் வால்வு சுத்தமாகத் தெரிகிறது!

மறுமொழி 1:
அங்கிருந்து தெரிவது வால்வின் முகம். கரி படிவது முதுகில். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால் போதும், டார்ச் அடித்தே பார்த்துவிடலாம். ஹெட்டை இறக்கும் பேச்சே தேவையில்லை.

மறுமொழி 2:
எதற்கு இவ்வளவு? இன்ஜின் ஓடும்போது ஏர் இன்டேக்கில் கார்பன் ஸ்பிரே அடித்தால் போதாதா?

மறுமொழி 1:
மெல்லிய படிவம் என்றால் ஓரளவு இளகும். கெட்டிக் கரி பாளமாகப் பெயர்ந்து எக்ஸாஸ்ட் பக்கம் போனால் டர்போவுக்கு ஆபத்து. நான் செய்ய மாட்டேன்.

கேட்டவர்:
மேனிஃபோல்டு கழற்றியாயிற்று. வால்வுத் தண்டே தெரியவில்லை, மொத்தமும் கருப்புக் கட்டி. இரண்டாவதில்தான் மோசம்.

மறுமொழி 3:
அப்படியென்றால் வால்நட் ஓட்டுத் தூள் பிளாஸ்டிங்தான் (காற்றழுத்தத்தில் தூளைப் பீய்ச்சுவது) சரி. தூள் கரியைப் பெயர்க்கும், உலோகத்தைச் சுரண்டாது. மணல் பிளாஸ்டிங் பக்கமே போகாதீர்கள். முக்கியமான விஷயம், வேலை செய்யும் சிலிண்டரின் இன்டேக் வால்வுகள் முழுக்க மூடியிருக்க வேண்டும். கிராங்க்கை ஸ்பேனரால் கையால் திருப்பி, ஒவ்வொரு போர்ட்டாகப் பார்த்து மூடுங்கள். மற்ற போர்ட்டுகளைத் துணியால் அடைத்துவிட்டு, அப்புறம் தூளடிக்க வேண்டும். கூடவே வாக்குவம் ஓடட்டும். ஓரத்தில் மிஞ்சும் கரியை கார்பன் கிளீனரில் ஊறவைத்து நைலான் பிரஷ்ஷால் தேய்க்கலாம், கடைசியில் திரவத்தை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். எரிபொருள் குழாயைத் தளர்த்தும் வேலை வந்தால் முதலில் பிரஷரை இறக்குங்கள். அந்த அழுத்தம் கையைத் துளைத்துவிடும்.

கேட்டவர்:
முடிந்தது. முதல் ஸ்டார்ட்டில் இப்போது உதறல் இல்லை, கோடும் வரவில்லை. மறுபடி படியாமல் இருக்க?

மறுமொழி 3:
படியத்தான் செய்யும், வேகத்தைக் குறைக்கலாம். பிசிவி வால்வையும் ஆயில் பிரிப்பானையும் சோதியுங்கள். இன்டர்கூலர் குழாயில் ஆயில் தேங்கியிருந்தால் டர்போ சீலையும் சந்தேகப்படுங்கள்.