'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்': பாதியில் கதை எங்கே போகிறது?

இரவுவாசகி:
ஷெர்லாக் ஹோம்ஸ் முதல்முறை. முதல் பாகத்தின் 7 அத்தியாயம் முடிந்தது, ஆளும் பிடிபட்டாச்சு. பக்கத்தைப் புரட்டினால் பாலைவனம், சம்பந்தமே இல்லாத ஆட்கள். பைண்டிங்கில் வேறு புத்தகம் கலந்துவிட்டதா? தாண்டிப் போகலாமா? இன்னொன்று, கொலையாளியை ஊகிக்கவே முடியவில்லை. எங்கே கோட்டை விட்டேன்?

பழையதாள்:
பைண்டிங் சரிதான். இரண்டாம் பாகத்தின் முதல் 5 அத்தியாயங்கள் முன்கதை; 1847இல் தொடங்கி அமெரிக்காவின் யூட்டாவில் நடக்கும். கதையைச் சொல்லிவந்த ஹோம்ஸின் நண்பர் வாட்சன் அங்கே இல்லாததால் கதை சொல்லும் குரலே மாறிவிடுகிறது, அதுதான் தடுமாற வைக்கும். 6ஆம் அத்தியாயத்தில் அவர் திரும்பிவிடுவார். தாண்டாதீர்கள், கொலைக்கான காரணம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. 3ஆம் அத்தியாயம் வரை பொறுங்கள். முதல் பாகத்தில் கொலையான டிரெப்பர், ஸ்டாங்கர்சன் பெயர்கள் சேர்ந்து வந்ததும் முடிச்சு பிடிபடும். (யூட்டாவில் குடியேறிய மார்மன் மதப்பிரிவினரைப் பற்றி வருவதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்து மசாலா.)

துப்பறியும்பூனை:
நீங்கள் ஒன்றும் கோட்டை விடவில்லை. 1887இல் வந்த நாவல் இது. துப்பு எதையும் வாசகரிடம் மறைக்கக்கூடாது என்று துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் விதி எழுதியதே 1929இல்தான். இங்கே ஹோம்ஸ் நீளமாக ஒரு தந்தி அடிப்பார். யாருக்கு, என்ன கேட்டு என்பது கடைசி அத்தியாயத்தில்தான் வெளிவரும். பிறகு எப்படி ஊகிப்பது?

கொலையாளியை விடுங்கள், ஹோம்ஸின் முறையை ஊகிக்கலாம். முதல் பாகத்தின் 3ஆம் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். டேப்பும் பூதக்கண்ணாடியுமாகக் கொலை நடந்த அறை முழுக்கத் தவழ்ந்து, தரையிலிருந்து கொஞ்சம் சாம்பல்நிறத் தூசியை எடுத்து உறையில் போட்டுக்கொள்வார். அப்புறம் கொலையாளி ஆறடிக்கு மேல் உயரம், முனை சதுரமான பூட்ஸ், புகைத்தது திருச்சி சுருட்டு (ஆமாம், நம்ம திருச்சிதான்) என்று அடுக்குவார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, ஒவ்வொன்றும் எப்படித் தெரிந்திருக்கும் என்று எழுதிப் பாருங்கள். விடை அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது: உயரத்துக்குக் காலடி இடைவெளியும் கொலையாளி சுவரில் எழுதியிருந்த எழுத்தின் மட்டமும், சுருட்டுக்குக் கருத்துச் செதில் செதிலாக விழுந்த சாம்பலும்.

முடிச்சு:
பதிப்பாசிரியர் முன்னுரை இருந்தால் கடைசியில் படியுங்கள். முடிவை அங்கேயே போட்டு உடைப்பவர்கள் உண்டு. அடுத்து 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' எடுத்தால், அதிலும் நடுவில் ஹோம்ஸை வெகுநேரம் காணோம். 8, 9ஆம் அத்தியாயங்கள் வாட்சன் அனுப்பும் அறிக்கைகள், 10ஆவது அவருடைய டைரி. பக்கம் மாறிவிட்டதென்று பயப்பட வேண்டாம்.