கலைச்சொல் உதவி: வண்ணமீன் கையேடு (அவசரம்)

காரைக்குடி ஆசிரியை:
வணக்கம். மகளிர் குழுவினருக்கான வண்ணமீன் வளர்ப்புக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். கறுப்புத் தொட்டியில் மீன் கருமை கூடும், வெள்ளைத் தொட்டியில் வெளுக்கும். பேக்கிரவுண்ட் அடாப்டேஷன் என்பார்கள். 'பின்னணி இசைவாக்கம்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த அக்கா ஒருவர், "மீனுக்குப் பாட்டுப் போடணுமா டீச்சர்?" என்கிறார்.

தேவகோட்டைப் புலவர்:
அம்மா, பிரிவில் தலைவியின் மேனி நிறம் மாறுவதைச் சொல்லும் 'பசலை' இருக்க வேறு சொல் எதற்கு? குறளில் 119ஆம் அதிகாரம் முழுக்கப் பசப்புதான். தலைவி சற்றுப் புரண்டு விலகியதுமே அள்ளிக்கொள்ளலாம் போல மேனியில் படர்ந்துவிடுகிறது. விளக்கு அணைவதற்குக் காத்திருக்கும் இருளையும் அங்கேயே உவமையாக்கி ஒளிக்கும் வழி விட்டிருக்கிறார். பசுமை, பச்சை, பசும்பொன், பசலை எல்லாம் ஓரினம். பசலையைப் பீர்க்கம்பூ நிறம் என்பது மரபு. பொன்மீனுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா?

கானாடுகாத்தான் மீன்கடைக்காரர்:
ஐயா, கோபிக்கக்கூடாது. பசலை என்றால் கீரை ஞாபகம்தான் வரும். 'பசப்பாதே' என்பதற்கு இன்று என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். கடையில் நாங்கள் 'கலர் ஏறுது, கலர் இறங்குது' என்போம். நிறமேற்றம், நிறமிறக்கம். முடிந்தது.

விலங்கியல் பேராசிரியர்:
முடியவில்லை அண்ணே. 'பின்னணி'யே பிழை. மீனின் கண் மேலிருந்து வரும் ஒளியையும் கீழே தரையில் பட்டுத் திரும்பும் ஒளியையும் ஒப்பிடுகிறது. தொட்டிக்குப் பின்னால் ஒட்டும் தாளைவிடக் கீழே கிடக்கும் மணல்தான் முக்கியம். அடுத்து, இதில் இரண்டு வேலை நடக்கிறது. கரும்நிறத் துகள்கள் நிறத்தாங்கி உயிரணுவின் நடுவில் திரண்டால் மீன் வெளுக்கும், பரவினால் கறுக்கும். இது சீக்கிரம் நடப்பது. வாரக்கணக்கில் அதே தொட்டியில் இருந்தால் அந்த உயிரணுக்களின் எண்ணிக்கையே மாறும். இரண்டுக்கும் ஒரே சொல் போதாது.

விளக்கை இதில் கலக்காதீர்கள். சிவப்புக் கதிர் குறைந்த விளக்கின் கீழ் சிவப்பு மீன் மங்கித் தெரிந்தால், மீன் மாறியதாக ஆகாது. தீனியும் வேறு கதை. பொன்மீனின் செம்மஞ்சளுக்கு வேண்டிய கரோட்டினாய்டு உணவிலிருந்துதான் வந்தாக வேண்டும். அது இல்லாமல் எந்த நிற மணலைக் கொட்டினாலும் சரிவராது.
என் பரிந்துரை: தளநிற இசைவு.

கோட்டையூர் அன்பர்:
'தளம்' வடசொல் அல்லவா? 'அடிநிற இசைவு' எனலாமே. தலம், தளம் இரண்டும் ஒன்றா வேறா என்பதையே இந்தக் குழுமத்தில் முன்பு பேசி முடிக்காமல் விட்டோம்.

மீன்கடைக்காரர்:
எங்கள் ஊரில் கொத்தனார் தளம்தான் போடுகிறார். அவரையும் திருத்துவீர்களா? அப்புறம், அடி என்றால் மீனுக்கு அடிபட்டது போல இருக்கிறது.

ஆசிரியை:
சரி, 'தளநிற இசைவு' என்றே போகிறேன். மூன்று பேர் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், மற்றவர்கள் ஓய்ந்துவிட்டீர்கள். அடைப்புக்குறிக்குள் 'கலர் ஏறுதல், இறங்குதல்' என்றும் போடுகிறேன். படிக்கப்போகிறவர்கள் அதைத்தான் சொல்வார்கள். விரைவு, மெது என்ற பிரிவுக்கு இப்போது இடமில்லை.

பேராசிரியர்:
இடமில்லை என்றால் அந்தப் பத்தியில் 'சில வாரம் பொறுத்துப் பாருங்கள்' என்றாவது சேருங்கள். ஒரே நாளில் மணலை மாற்றி மாற்றிப் போடுவார்கள்.

புலவர்:
சங்க இலக்கியத்தில் 'நிறம்' மார்பையும் குறிக்கும். 'மேனித்திரிபு' பற்றி யாருமே யோசிக்கவில்லை. விளக்கமாக நாளை எழுதுகிறேன்.